கஸ்பார் வைத்தியர் சொன்னால் நடக்கும்

"நான் சொன்னா செத்துப் போறாங்கம்மா," என்றான் கஸ்பார்.

"சொல்லாம இருக்க வேண்டியதுதானே," என்றாள் தெல்ஃபின்.

"அதுக்குத்தானே எனக்குச் சம்பளம்."

"அப்ப எதுக்கு இங்க வந்து மூக்கைச் சிந்துறீங்க?"

அவன் ஜன்னலுக்கு வெளியே, தெருவில், ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தான். அவள் ஜன்னலுக்கு உள்ளே இருந்தாள். உள்ளே இருட்டு. முகம் தெரியாது, குரல் மட்டும் வரும்.

இரண்டு பேரும் யார் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பாதியில் நிறுத்தி, யார் இவன், யார் அவள் என்று என்னைப் பிடுங்குவீர்கள்.

பிரான்சு தேசத்தின் தெற்கே, ரோன் ஆற்றங்கரையில், மதில் கட்டிய ஒரு சின்ன ஊர். நானூறு ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய சங்கதி. ஊருக்குள் கொள்ளைநோய் புகுந்துவிட்டது. அக்குளில் கட்டி வரும், காய்ச்சல் கொதிக்கும், ஆள் போய்விடுவான். மதில் கதவைப் பூட்டிவிட்டார்கள். உள்ளே இருக்கிறவன் வெளியே போக முடியாது.

தெல்ஃபின் அதற்கும் முன்பே பூட்டிக்கொண்டவள். கோயில் சுவரை ஒட்டி ஓர் அறை. ஜெபம் பண்ணவென்று ஒருத்தி உள்ளே போவாள், போனதும் வாசலைக் கல் வைத்து அடைத்துவிடுவார்கள். அவள் செத்தால்தான் கல்லைப் பெயர்ப்பார்கள். அந்தப் பக்கத்தில் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. பூசை பார்க்கக் கோயில் பக்கம் ஒரு ஜன்னல், ரொட்டியும் தண்ணீரும் வாங்கத் தெருப் பக்கம் ஒரு ஜன்னல். கஸ்பாரைவிட அவள் ஐந்தாறு வயது இளையவள். ஆனாலும் ஊர் அவளை அம்மா என்றுதான் கூப்பிட்டது, அவனும் அப்படியே கூப்பிட்டான்.

கஸ்பார் வைத்தியன். பின்னாளில் அரண்மனைகளில் இருந்தெல்லாம் ஆள் அனுப்பி, வரப்போவதைச் சொல்லுங்கள் என்று இவனிடம் கெஞ்சினார்கள். இது அதற்கெல்லாம் முன்னால்.

அவன் அப்பா பத்திரம் எழுதுகிறவர். பிள்ளையைப் பெரிய மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினார். பிள்ளை நன்றாகத்தான் படித்தான். பட்டம் வாங்கப் போகிற நேரத்தில் யாரோ போட்டுக் கொடுத்துவிட்டார்கள், இவன் முன்பு மருந்துக் கடையில் உரல் இடித்தவன் என்று. கையால் வேலை செய்தவனுக்கு வைத்தியர் பட்டம் கிடையாது என்பது அந்தக் கல்லூரியின் சட்டம். பெரிய மனிதர்கள் கூடிச் செய்த சட்டம், கேட்கவா வேண்டும். பெயரை அடித்து வெளியே தள்ளினார்கள்.

அந்தக் காந்தல் அவனுக்கு ஆறவே இல்லை. ஊர் ஊராக அலைந்தான். ஆடு மேய்க்கிறவர்களிடமும் மருத்துவச்சிகளிடமும் பச்சிலை கேட்டுக்கொண்டான். ஜானெத் என்ற பெண்ணைக் கட்டினான். ஒரு மகள் பிறந்தாள். லூசெத் என்று பெயர் வைத்தான்.

கொள்ளைநோய் வந்ததும் பட்டம் வாங்கிய வைத்தியர்கள் குதிரையேறிப் பறந்துவிட்டார்கள். பட்டம் இல்லாத கஸ்பார் மனைவி மகளோடு இந்த ஊருக்குள் வந்தான். ஊர்ச்சபை அவனைக் கையெடுத்துக் கும்பிட்டது. வேறு யார் வருவார்கள்?

சபை அவனிடம் ஒன்று கேட்டது. நோயாளியைப் பார்த்துவிட்டு, இருப்பாரா போவாரா என்று சொல்லிவிட வேண்டும். போகிறவர் என்றால் சாமியாரைக் கூப்பிட்டு அவஸ்தை பூச வேண்டும். சாகப் போகிறவரின் நெற்றியிலும் வாயிலும் கையிலும் மந்திரித்த எண்ணெய் தொட்டு ஜெபம் சொல்வார்களே, அது. அது இல்லாமல் போய்விட்டால் அந்த உலகத்தில் கதி கிடையாது என்று அந்த ஜனங்களுக்குப் பயம். ஊரில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு சாமியார். எல்லா வீட்டுக்கும் ஓட அவருக்கு உடம்பில் தெம்பில்லை.

கஸ்பார் சொன்னான். நடந்தது.

மறுபடியும் சொன்னான். மறுபடியும் நடந்தது.

கஸ்பார் வைத்தியர் சொன்னால் நடக்கும் என்று ஊர் பேச ஆரம்பித்தது. தெருவில் அவன் போனால் மண்டியிட்டார்கள். அங்கி ஓரத்தைத் தொட்டு நெற்றியில் ஒற்றிக்கொண்டார்கள். பெயரை அடித்த அந்தக் கல்லூரிக்காரர்கள் இதை வந்து பார்க்க வேண்டும் என்று அவனுக்கு ஆசையாக இருந்தது. எதற்கு மறைக்க வேண்டும், அத்தனை சாவுக்கு நடுவில் அவன் சந்தோஷமாகத்தான் இருந்தான்.

பிறகு ஜானெத்துக்குக் கட்டி வந்தது.

அவளையும் பார்த்தான். அவளுக்கும் சொன்னான். அதுவும் நடந்தது.

அதற்கப்புறம்தான் சாயங்காலங்களில் தெல்ஃபினின் ஜன்னலுக்கு வந்து உட்கார ஆரம்பித்தான். அடுத்து யார் என்று அவனிடம் கேட்காத ஆள் அந்த ஊரில் அவள் ஒருத்திதான்.

*

"இருப்பார்னு நீங்க சொன்னவங்கள்ல யாராவது போயிருக்காங்களா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"போயிருக்காங்க. நிறையப் பேர்."

"போவார்னு சொன்னவங்கள்ல யாராவது பிழைச்சிருக்காங்களா?"

"ஒருத்தர்கூட இல்ல."

"ஒரு கண்ணு நல்லாத் தெரியுது, இன்னொரு கண்ணு மங்கல். அப்படியா?"

"கிண்டல் பண்ணாதீங்கம்மா. சாவு எனக்குத் தெளிவாத் தெரியுது."

"நீங்க சொல்லிட்டுக் கிளம்பின பிறகு அந்த வீட்டுல என்ன செய்றாங்க?"

"அழுவாங்க. வேற என்ன செய்வாங்க?"

"பாத்திருக்கீங்களா?"

"நின்னு பாக்க நேரம் ஏது? அடுத்த வீடு காத்துக்கிட்டு இருக்கும்."

"உங்க வீட்டுலயும் அப்படித்தான் அடுத்த வீட்டுக்குப் போயிட்டீங்களா?"

அவன் எழுந்து போய்விட்டான். அவளுக்கு ஈரமே இல்லை என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டு போனான். சொல்லிவிட்டுப் பக்கத்தில் நிற்க அவனால் முடியவில்லை, அதுதான் உண்மை. ஜானெத் சாவதைப் பார்க்கப் பயந்து வேலைக்கு ஓடினான்.

மறுநாள் காலையில் மதலேன் வீட்டில் கூப்பிட்டார்கள். மதலேன் கூடை முடைகிறவள், புருஷன் இல்லை. ஒரே பையன், கல்யாண வயது. அவன் கட்டிலில் கிடந்தான். கஸ்பார் கண்ணை விலக்கிப் பார்த்தான், நாக்கைப் பார்த்தான், கட்டியை அழுத்திப் பார்த்தான்.

"போயிடுவான்," என்றான்.

"நீங்க சொன்னா சரிதான் ஐயா," என்றாள் மதலேன். அவன் கையை எடுத்து முத்தமிட்டாள். "சாமியாரைக் கூட்டியாரச் சொல்றேன். என் பிள்ளைக்கு ஒரு குறையும் வைக்க மாட்டேன்."

அவன் படியிறங்கினான். மேலே ஏதோ பாத்திரத்தை எடுத்து வைக்கிற சத்தம் கேட்டது. அடுத்த வீட்டு வாசலில் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள், அங்கே போனான்.

*

சில நாள் கழித்து அவன் திரும்ப வந்தபோது உட்காரவில்லை. ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"லூசெத்துக்கு வந்துடுச்சும்மா."

"எங்க?"

"அக்குள்ல. எலுமிச்சங்காய் அளவுக்கு."

"என்ன தெரியுது உங்களுக்கு?"

"கேக்காதீங்க."

"தெரியுது, இல்ல?"

"ஜானெத்துக்குத் தெரிஞ்ச மாதிரியே தெரியுது. அதே மூச்சு, அதே கண்ணு. இன்னும் நான் யார்கிட்டயும் சொல்லல. பெய்ரோன் என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருக்கா. நான் வாயைத் திறக்கல."

பெய்ரோன் நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிற உள்ளூர்க்காரி. ஜானெத்தையும் அவள்தான் பார்த்துக்கொண்டாள்.

"எனக்கு இந்தப் பார்வை வேண்டாம்மா. எடுத்துடுங்க. ராப்பகலா ஜெபம் பண்றவங்க, உங்களால முடியும்."

"என்னால முடியாது."

"அப்ப என் பொண்ணைக் காப்பாத்துங்க. எட்டு வயசும்மா. எனக்கு வேற யாரும் இல்ல."

உள்ளே காலடிச் சத்தம் விலகிப் போனது. போய்ப் படுத்துவிட்டாள் என்றே நினைத்தான்.

"நாளைக்குச் சந்தை முக்குல நின்னு என்னைப் பத்திச் சொல்லுங்க," என்றது குரல்.

"என்ன சொல்லணும்?"

"தெல்ஃபின் போயிடுவா, ஞாயித்துக்கிழமையைத் தாண்ட மாட்டா. அவ்வளவுதான். வழக்கமாச் சொல்ற மாதிரியே சொல்லுங்க."

"உங்களுக்கு என்ன உடம்புக்கு?"

"ஒண்ணுமில்ல. நல்லாச் சாப்பிடுறேன், நல்லாத் தூங்குறேன்."

"பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"நீங்க சொன்னாத்தான் நடக்குமே. நடந்துட்டா அப்புறம் அது எப்படிப் பொய்யாகும்?"

ஜன்னல் பலகையைச் சாத்திவிட்டாள். அவன் தட்டிப் பார்த்தான், திறக்கவில்லை.

வீட்டுக்குப் போகிற வழியில் அவனுக்கு அது புரிந்தது. புரிந்ததாக நினைத்துக்கொண்டான் என்று சொல்ல வேண்டும். படித்த ஆள் அல்லவா, எதிரே இருப்பதை விட்டுவிட்டு அதற்குப் பின்னால் தேடுவான். குழந்தைக்குப் பதிலாகத் தன் உயிரைத் தருகிறாள், புனிதர்கள் செய்கிற காரியம் இது என்று முடிவு கட்டினான்.

அந்தக் கொடையை வாங்கிக்கொள்ள அவனுக்குக் கூசியது. விடிகிறவரை தனக்குள் மல்லுக்கட்டினான்.

காலையில் லூசெத் கண்ணைத் திறந்தாள்.

"அப்பா, நானும் அம்மாகிட்டப் போகப் போறேனா?"

"இல்லடி. யார் சொன்னா?"

"நீதான் இன்னும் சொல்லலையாம். பெய்ரோன் சொன்னா."

அவன் அங்கியை மாட்டிக்கொண்டு நேரே சந்தை முக்குக்குப் போனான். தெல்ஃபின் அம்மா போய்விடுவாள், ஞாயிறு தாண்ட மாட்டாள் என்று சொன்னான். ஜனம் அப்படியே மண்டியிட்டு அழுதது. நல்ல மனிதன் செய்கிற வேலையா இது? இல்லைதான். பெற்ற பிள்ளை மூச்சு இரைக்கக் கிடக்கும்போது நல்ல மனிதனாக இருக்க அவனுக்குத் திராணி இல்லை.

அது வியாழக்கிழமை. அதற்கப்புறம் அவன் அந்த ஜன்னல் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. எந்த முகத்தோடு போவான்?

*

லூசெத் பிழைத்துவிடவும் இல்லை, போய்விடவும் இல்லை. கஸ்பார் எதுவும் சொல்லாததால் பெய்ரோன் வழக்கத்தில் எதையும் மாற்றவில்லை. பார்லிக் கஞ்சியின் தெளிவை அவ்வப்போது கரண்டியால் புகட்டினாள். தண்ணீர் கேட்டபோதெல்லாம் கொடுத்தாள். வெள்ளிக்கிழமை குழந்தை கொஞ்சம் முகம் தெளிந்தது. சனிக்கிழமை மறுபடி அனத்த ஆரம்பித்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கட்டி கறுத்திருந்தது. கண் மேலே செருகியிருந்தது.

பெய்ரோன் வாசல்படியில் அவனை மறித்தாள்.

"ஐயா, சொல்லிடுங்க."

"என்னத்தைச் சொல்ல?"

"பிள்ளை அவஸ்தை இல்லாமப் போயிடக் கூடாதுய்யா. உங்களுக்கு மனசு வரல, எனக்குத் தெரியாமலா? ஆனா எண்ணெய் இல்லாமப் போனா அங்க யாரு அதைச் சேத்துக்குவாங்க? அம்மாக்காரி ஒரு பக்கம், இது ஒரு பக்கம்னு நிக்கணுமா?"

"சாமியாரைக் கூப்பிடு."

"போயிடுமாய்யா?"

"கூப்பிடுன்னு சொன்னேன்ல."

"நீங்க வாயால சொல்லாம அவர் வர மாட்டார்."

அவன் உள்ளே திரும்பிப் பார்த்தான்.

"போயிடுவா," என்றான்.

சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டான். இந்தத் தடவையும் நிற்க முடியவில்லை. எங்கே போகிறோம் என்று தெரியாமல் நடந்தான். தெல்ஃபின் இந்நேரம் போயிருப்பாள், அப்படியும் பிள்ளை பிழைக்கவில்லை, அவளை அநியாயமாகக் காவு கொடுத்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டே நடந்தான். கால் அவனை அந்த ஜன்னலுக்கே கொண்டு வந்து விட்டது.

*

ஜன்னலுக்கு எதிரே கூட்டம் இருந்தது. கொஞ்சம் தள்ளி நின்று ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார்கள். மதலேனும் இருந்தாள். தண்ணீர் வண்டிக்காரன் பெர்த்ரான் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுத் தொப்பியைக் கையில் பிடித்திருந்தான். கஸ்பாரைப் பார்த்ததும் வழி விட்டார்கள்.

பலகை திறந்திருந்தது. அவன் தலையை உள்ளே நீட்டினான்.

"அம்மா."

கண் பழகக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவள் தரையில் சுவரோடு சாய்ந்து கிடந்தாள். உதடெல்லாம் வெடித்து ரத்தம் காய்ந்திருந்தது. இத்தனை நாளில் அவள் முகத்தை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தான். சின்னப் பெண் மாதிரி இருந்தாள்.

"கட்டி எங்க வந்திருக்கு?"

அவள் ஒரு கையைத் தூக்கித் துணியை விலக்கி அக்குளைக் காட்டினாள். பிறகு மறு கையைத் தூக்கிக் காட்டினாள். இரண்டு பக்கமும் ஒன்றுமில்லை.

"காய்ச்சலா?"

இல்லை என்று தலையாட்டினாள்.

"அப்புறம் என்னதான் உங்களுக்கு?"

அவள் ஜன்னல் விளிம்பைக் காட்டினாள். அங்கே ஒரு மண்சாடி இருந்தது. அவன் அதை எடுத்துக் கவிழ்த்தான். ஒரு சொட்டு விழவில்லை.

"யாரும் தண்ணி கொடுக்கலையா?"

"கேட்டேன்," என்றாள். நாக்கு ஒட்டிக்கொண்டது. "சிலுவை போட்டுக்கிட்டுப் போயிட்டாங்க."

அவன் திரும்பினான்.

"பெர்த்ரான், இவங்களுக்கு ஏன் தண்ணி ஊத்தல?"

"வியாழக்கிழமை காலைல ஊத்தினேன் ஐயா. அப்புறம்தான் நீங்க சொல்லிட்டீங்களே. சாயங்காலமே சாமியார் வந்து கோயில் ஜன்னல் வழியா எண்ணெய் தொட்டுட்டார்."

"தொட்டா என்ன?"

பெர்த்ரான் அவனை ஆச்சரியமாகப் பார்த்தான். வெளியூர்க்காரருக்குச் சொல்கிற பொறுமையோடு சொன்னான்.

"எண்ணெய் தொட்ட வாய்க்குத் தண்ணி ஆகாதுய்யா. உசுரு கிளம்புற நேரம். ஒரு வாய் உள்ள போச்சுன்னா போகவும் முடியாம இருக்கவும் முடியாம கிடந்து தவிக்கும். எங்க ஊர்ல காலங்காலமா அப்படித்தான்."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்தான். உங்க வீட்டம்மாவுக்கும் பெய்ரோன் முறையாத்தான் செஞ்சா. எவ்வளவோ கெஞ்சிக் கேட்டாங்களாம், ஒரு சொட்டு விடலையாம். நல்லபடியா அனுப்பி வெச்சா. நீங்க கவலையே படாதீங்க."

கஸ்பார் சாடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். இதை அவன் கண்ணால் பார்க்க வேண்டும் என்றுதான் தெல்ஃபின் தன்னைப் பற்றிச் சொல்லச் சொன்னாள்.

ஜானெத்துக்குச் சொல்லிவிட்டுக் கிளம்பிய அன்று, கையுறையை மறந்துவிட்டு ஒரு தரம் வீட்டுக்குத் திரும்பியிருந்தான். அறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தான். அவள் அவனையே பார்த்தாள். வாய் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. ஜெபம் சொல்கிறாள் என்று நினைத்தான். கலைக்க வேண்டாம் என்று கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்தான்.

அவன் பெண்டாட்டி அவனிடம் தண்ணீர் கேட்டிருக்கிறாள்.

அவளோடு நிற்கவில்லை அது. அவன் ஏறி இறங்கிய ஒவ்வொரு படியும் ஞாபகம் வந்தது. நோயில் போனவர்கள் எத்தனை பேர், அவன் சொல்லால் போனவர்கள் எத்தனை பேர் என்று இனி யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தான்.

"வைத்தியரே," என்று உள்ளே இருந்து குரல் வந்தது. "அப்புறம் அழுதுக்கலாம்."

அவன் வண்டிக்கு ஓடிப் பீப்பாயைத் திறந்து சாடியை நிரப்பினான்.

"ஐயா, பாவம்யா அது," என்றான் பெர்த்ரான். கூட்டம் முணுமுணுத்தது. கஸ்பார் காதில் வாங்காமல் சாடியை ஜன்னலுக்குள் நீட்டினான்.

அவள் இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள். கொஞ்சம் குடித்ததும் நிறுத்தினாள்.

"பொண்ணு எப்படி இருக்கா?"

 அவன் தன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"சொல்லிட்டீங்களா?"

"இப்பத்தான். சாமியாரைக் கூப்பிடச் சொல்லிட்டு வந்தேன்."

அவள் சாடியை வெளியே தள்ளினாள்.

"ஓடுங்க."

*

சாடியோடு அவன் ஓடினான். வழியெல்லாம் தண்ணீர் சிந்தியது. கூட்டமும் பின்னாலேயே வந்தது.

வீட்டு வாசலில் சாமியார் கட்டை விரலைத் துணியில் துடைத்துக்கொண்டே இறங்கிக்கொண்டிருந்தார். உள்ளே மெழுகுவத்தி எரிந்தது. லூசெத்தின் கைகளைச் சேர்த்து நெஞ்சின் மேல் வைத்திருந்தார்கள். நெற்றியிலும் உதட்டிலும் எண்ணெய் மினுங்கியது. தண்ணீர்க் கிண்ணத்தைக் கழுவி அலமாரியில் கவிழ்த்து வைத்திருந்தாள் பெய்ரோன்.

அவன் குழந்தையின் தலையைத் தூக்கித் தண்ணீர் ஊற்றினான். கடைவாய் வழியாக வழிந்து கழுத்தில் ஓடியது.

மறுபடி ஊற்றினான். மறுபடியும் வழிந்தது.

பெய்ரோன் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். "ஐயா, தவிக்க விடாதீங்க. பெத்த பிள்ளைய்யா."

"கையை எடு."

"நிம்மதியாப் போகட்டும்யா."

"எடுடி கையை."

மூன்றாவது தடவை தொண்டை அசைந்தது. கண் திறக்கவில்லை. ஆனால் உதடு சாடியைத் தேடியது.

"இன்னும்," என்றாள் லூசெத்.

கொடுத்தான். கொடுத்துக்கொண்டே அழுதான்.

வாசலை அடைத்துக்கொண்டு ஊர் நின்றது. அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கஸ்பார் அவர்கள் பக்கம் திரும்பினான்.

"நோய் கொன்னது பாதிதான்," என்றான். "மீதிப் பேரை நாமதான்..."

"ஐயா," என்று ஒரு குரல் குறுக்கே வந்தது. மதலேன். சத்தம் போடவில்லை, மெதுவாகத்தான் கேட்டாள். "என் பையன் கடைசி நாள் பூரா தண்ணி கேட்டான். என் காலைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டான். நான் கொடுக்கல. அப்ப அவனைக் கொன்னது நானா?"

கஸ்பார் அவளைப் பார்த்தான். அவளுக்குப் பின்னால் நின்றவர்களைப் பார்த்தான். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு காலி கட்டில் இருந்தது. அத்தனை பேரும் அவன் என்ன சொல்லப் போகிறான் என்று காத்திருந்தார்கள். ஆமாம் என்று அவன் சொன்னால் அவள் அன்றைக்கே ரோன் ஆற்றைத் தேடிக்கொண்டு போவாள். அவன் சொன்னால்தான் நடக்குமே.

"இல்லம்மா," என்றான். "நீ இல்ல."

"அப்ப சொல்லுங்க," என்றான் பெர்த்ரான். "இந்தப் பிள்ளை இருக்குமா, போகுமா?"

"தெரியாது."

கூட்டம் பெருமூச்சு விட்டது. பாவம், வாய் வரவில்லை அவருக்கு என்றாள் ஒருத்தி. பெய்ரோன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவன் கையிலிருந்த சாடியை மெல்ல வாங்கப் போனாள்.

கஸ்பார் சாடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். போவாள் என்றால் குழந்தைக்குத் தண்ணீர் இல்லை. இருப்பாள் என்று சொல்லி நாளை அவள் போய்விட்டால், அப்புறம் அவன் பேச்சை எவன் கேட்பான்? தெரியாது என்றாலும் போவாள் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். நடந்ததைச் சொன்னாலோ மதலேன் தாங்க மாட்டாள்.

அவன் எழுந்து நின்றான். வழக்கமான குரலில் பேசினான்.

"வெள்ளைக் கழுதை உடைஞ்ச பாலத்தைத் தாண்டும். மூணு கோயில் மணியும் ஒரே நேரத்துல அடிக்கும். அதுவரைக்கும் எண்ணெயும் தண்ணியும் ஒரே வாயில இருக்கும். வாசல் மூடாது."

ஜனம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. அவனுக்கே அது என்னவென்று தெரியாது.

"எந்தப் பாலம் ஐயா?" என்றான் ஒருவன்.

கஸ்பார் திரும்ப உட்கார்ந்து மகளின் தலையை மடியில் எடுத்துக்கொண்டான்.

"ஆத்துப் பாலமாத்தான் இருக்கும்," என்றான் பெர்த்ரான். "அதுதான் உடைஞ்சு கிடக்கு."

"உன் கழுதையைத்தான் சொல்றாரோ?"

"என்னுது சாம்பல் நிறம்யா."

"வெயில்ல பாத்தா வெள்ளைதான்."

"எண்ணெயும் தண்ணியும்னாரே, அப்ப எங்க வீட்டுல படுத்திருக்காரே, அவருக்கும் கொடுக்கலாமா?"

"அதுவரைக்கும்னுதானே சொன்னார். அது எப்பன்னு சொல்லலையே."

பேசிக்கொண்டே படியிறங்கிப் போனார்கள். தெருக்கோடி வரைக்கும் அந்தச் சத்தம் கேட்டது. யாரோ மூன்று மணியையும் எண்ணிப் பார்க்கக் கோயிலுக்கு ஆள் அனுப்பினார்கள். மதலேன் மட்டும் கொஞ்ச நேரம் வாசலில் நின்றுவிட்டு, அவளும் போனாள்.

பெய்ரோன் நடு அறையில் நின்றாள். நெற்றியில் எண்ணெயோடு கிடந்த குழந்தையைப் பார்த்தாள். வைத்தியரைப் பார்த்தாள். அவன் தலையைத் தூக்கவில்லை.

"ஐயா," என்றாள். "இப்ப நான் என்ன செய்யணும்?"

அவன் மகளின் நெற்றி முடியை ஒதுக்கிக்கொண்டிருந்தான்.

அவள் இன்னும் கொஞ்சம் யோசித்தாள். பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று, அலமாரியிலிருந்து கிண்ணத்தை எடுத்து நிரப்பிக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாள்.